மீசை வைத்த பாப்பா

மீசையை முறுக்கப் பழகிய பிறகு, ஒரு பகலில் நான் மூன்றரை வயதுப் பெண் குழந்தையாக இருந்திருக்கிறேன். மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், கழுத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு, மண்டபம் நிறைய பால்வாடி டீச்சர்கள் பார்க்க. அதற்கு யாரும் கூலி தரவில்லை. மைக் செட்டுக்கு மட்டும்தான் பேசியிருந்தோம்.

மைக் செட் என்னுடையது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம், இரண்டு பக்கமும் வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊரில் உள்ளவர்களின் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கி அனுப்புவதுதான் என் பிழைப்பு. மைக்குக்கு முன்னால் மனிதர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பதை என்னைப் போலப் பக்கத்தில் நின்று பார்த்தவன் கிடையாது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் கட்சிக்காரர்களைவிட மோசம். கட்சிக்காரன் பொய் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவான். இவர்கள் வட்டமாக நிற்கவைத்து, கண்ணை மூடவைத்து, நீளமாக மூச்சு இழுக்கவைத்து, அப்புறம்தான் சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சி எப்போது வரும் என்று எங்கள் வீட்டில் மாதக்கணக்காகக் காத்திருந்தோம். அதைச் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா உப்பளத்தில் மூட்டை பிடிக்கிற வேலைக்குப் போகிறவள். மாமா கடலுக்குப் போகிறவர், கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் கோபம். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பாப்பா. பாப்பாவுக்குக் கழுத்து நின்றதே இரண்டு வயதுக்கு மேல்தான். தூக்கினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு வராது. சிரிப்பு மட்டும் தாராளமாக வரும், அதுவும் நான் எங்காவது இடித்துக்கொண்டால். போன சீசனில் அக்கா அவளை உப்பு அம்பாரத்துப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் நிழலில் படுக்கப்போட்டுவிட்டு வேலை பார்த்தாள். வெள்ளை உப்பிலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் பாப்பாவுக்குக் கண் சிவந்து கிடக்கும். வியர்வையில் உப்பு ஒட்டி முதுகெல்லாம் புண். அந்தப் புண் எப்படி எரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை, அழத்தான் தெரியும். இந்த சீசனில் அந்தத் தார்ப்பாய் வேண்டாம் என்றால், பாப்பாவைப் பால்வாடியில் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் எங்கள் தேவை.

பால்வாடி டீச்சர் என்னையும் அக்காவையும் மூக்கு ஒழுகின காலத்திலிருந்து பார்த்தவர். அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, நான் வேணாம்னா சொல்றேன்? இந்த மாதிரி புள்ளைங்கள பாத்துக்கறதுக்கு எங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கணும். குடுக்கட்டும், அப்பறம் சேத்துக்கறேன்."

"எப்ப டீச்சர் குடுப்பாங்க?"

"மேல இருந்து வரணும்மா."

"மேலன்னா எங்க டீச்சர், மொட்டை மாடியா?" என்றேன்.

"டேய், உன்ன யாரு கூப்ட்டா? இவன் மூணு வயசுலயும் இப்படித்தான். வாய் மட்டும் எடை ஏறிச்சு."

அன்றிலிருந்து அக்காவுக்குப் பயிற்சி என்பது ஒரு சாமி. அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும். கடைசியில் அது வந்தபோது மைக் செட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா என் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பயிற்சி கொடுக்கும் மேடம் சென்னையிலிருந்து காரில் வந்தார். மைக் செட்டை ஏற்றிக்கொண்டு நான் பின்னால் ஆட்டோவில் வந்தேன். உப்பளம் வந்ததும் கார் நின்றது. மேடம் இறங்கி, கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றி, அம்பாரங்களைப் பார்த்து, "வாவ், காஷ்மீர் மாதிரி இருக்குல்ல!" என்றார். ஒரு செல்ஃபி எடுத்தார். பின்னால் தலையில் கூடையோடு போன பெண்கள் படத்தில் விழாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி நின்று இன்னொன்று எடுத்தார்.

மண்டபத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பளபளவென்று ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தது. மரக்காணத்து மணலில் அந்த நாற்காலி ஒரு அடி நகராது. நகராது என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

முதல் வேலை, கெட்ட வார்த்தைகளை ஒழிப்பது. சார்ட் பேப்பரில் டீச்சர்கள் ஊரில் புழங்குகிற வார்த்தைகளையெல்லாம் எழுதினார்கள். நொண்டி, லூசு, முடியாத புள்ள. மேடம் ஒவ்வொன்றாகச் சிவப்பு ஸ்கெட்ச்சால் அடித்தார். "இனிமே நாம என்ன சொல்லுவோம்? தெய்வக் குழந்தை!" எல்லோரும் கைதட்டினார்கள். கை தட்டுவதுகூட இல்லை, ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்ட வேண்டும், அப்புறம் இரண்டு விரல், மூன்று விரல். மழைக் கைதட்டல் என்று அதற்குப் பெயர். பாப்பாவைத் தெய்வம் ஆக்கியதில் எனக்கு ஒரு பயம் வந்தது. எங்கள் ஊரில் தெய்வத்தை வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பார்கள்.

அடுத்து, துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றும் விளையாட்டு. ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. "அவங்க கஷ்டத்த ஃபீல் பண்ணீங்களா?" என்று மேடம் கேட்டார். "பண்ணோம் மேடம்!" என்று ஒரே குரல். முட்டியில் நாற்காலி இடித்த டீச்சர் மட்டும் உண்மையாகவே ஃபீல் பண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு திரையில் படங்கள் ஓடின. லேப்டாப்பைத் தட்டுகிறவன் நான். நடுவில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற படம் வந்தது. "ஊட்டறது எல்லா அம்மாக்களுக்கும் தெரிஞ்சதுதான், நெக்ஸ்ட்" என்றார் மேடம். நெக்ஸ்ட் போனேன். எனக்கும் அதில் ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

அப்புறம் செய்முறை. நிஜக் குழந்தை ஒன்றும் வரவில்லை. கூட்டி வரச் சொல்லித்தான் இருந்தார்கள். என் அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். முன்பு ஒரு முகாமில் பாப்பாவை மேடையில் ஏற்றி, ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளிப் படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மற்ற தாய்மார்களுக்கும் வீட்டில் ஆளுக்கொரு வாளி இருக்கும்போல.

அதனால் மேடம் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து எல்லாம் செய்து காட்டினார். எப்படித் தூக்கினாலும் வந்தது. எங்கே மடக்கினாலும் மடங்கியது. தலைகீழாகப் பிடித்தாலும் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் கையில் மைக் வேறு இருந்தது.

"மேடம், அந்த பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் இருக்கு. பெரிய ஸ்கூல்லயே சேத்துடலாம்."

மண்டபமே சிரித்தது. மேடமும் சிரித்தார், பல்லால் மட்டும். "அப்ப நீங்க வாங்க தம்பி. நீங்க குழந்தையா இருங்க. எல்லாரும் இவர வெச்சு ப்ராக்டீஸ் பண்ணுங்க."

கேலிக்குக் கேலி. போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். யாரோ கர்சீப்பைக் கழுத்தில் கட்டினார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது ஒரு பெரிய பொம்மையை. நான் பாப்பா ஆனேன். அக்கா தூக்கும்போது பாப்பா எப்படி முதுகை வில்லாக வளைப்பாளோ அப்படி வளைந்தேன். காலைப் பின்னிக்கொண்டேன். தூக்க வந்த இரண்டு டீச்சர்கள் என் மேலேயே விழுந்தார்கள். தலையைப் பிடித்தால் இந்தப் பக்கம், விட்டால் அந்தப் பக்கம்.

"குழந்தைங்க இவ்வளவு மொரண்டு புடிக்காது தம்பி," என்றார் மேடம்.

"எங்க வீட்டுக்கு வாங்க மேடம். டீ போட்டு காட்றோம்."

எங்கள் ஊர் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நான் யாரைப் போல் செய்கிறேன் என்று தெரிந்துவிட்டது. ஊட்டும் முறை வந்தபோது, "வாங்க, நீங்க வாங்க" என்று மேடம் அவரைத்தான் இழுத்துவிட்டார். கையில் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சியும் ஸ்பூனும். டீச்சர் கால் நீட்டி உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் ஊற்றுவார்களே, அதே மாதிரி என் தலையைத் தன் காலில் மல்லாக்கப் போட்டுக்கொண்டார். மீசையோடு ஒருவன் டீச்சர் காலில் படுத்திருப்பதைப் பார்த்து மண்டபம் விசில் அடித்தது. டீச்சர் என் தாடையைத் தூக்கி ஊற்றினார்.

கஞ்சி வேறு வழியில் போனது.

நான் நடிக்கவில்லை. மூச்சு வரவில்லை. காதுக்குள் கடல் இரைந்தது. பக்கத்தில் கிடந்த மைக் என் இருமலை வாங்கி, மண்டப வாசலில் நான் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக ஈசிஆர் ரோடு முழுக்க அனுப்பியது. டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். டீச்சர் கை ரெண்டையும் தூக்கிக்கொண்டு அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். நானே புரண்டு, குப்புற விழுந்து, துப்பி, ஒரு வழியாக மூச்சைப் பிடித்தேன்.

"சூப்பர் ஆக்டிங்!" என்றார் மேடம். "தம்பிக்கு ஒரு மழைக் கைதட்டல்!"

செத்துப் பிழைத்தவனுக்கு ஒரு விரலால் தட்டினார்கள். அப்புறம் இரண்டு விரல். அப்போது ஒரு போட்டோவும் எடுத்தார்கள். பின்னால் அந்தப் போட்டோ வேறொரு ஊர்ப் பயிற்சி ஃப்ளெக்ஸில் வந்தது. கண்ணில் தண்ணீரும் கழுத்தில் கர்சீப்புமாக நான், கீழே "பயிற்சியால் பயனடைந்த தெய்வக் குழந்தை" என்று எழுதி. எனக்குப் பெண் பார்க்கிற அம்மாவிடம் பெண் வீட்டார் இன்றுவரை அதைக் காட்டித்தான் விசாரிக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சரைப் பந்தியில் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடுடா. என்னால ஆவாது."

"டீச்சர், நான் சும்மா நடிச்சேன்."

"பொய் சொல்லாத. உன் கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சு. நான் இத்தன நாளா எதுக்கு பயந்தேன்னு நெனச்ச? கால் வராதது, பேச்சு வராததுலாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. வாயில வெச்சது தொண்டையில நின்னுட்டா? யாரு பதில் சொல்றது? உங்க மாமா என்ன உசுரோட உடுவானா?"

"இத உள்ள கேக்க வேண்டியதுதான? மைக்க நானே குடுத்திருப்பேனே."

"கேட்டா, இத்தன வருஷம் வேல பாத்து ஊட்டக்கூட தெரியலன்னு சொல்ல மாட்டாங்க?"

சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அக்காவின் சாமி அந்தக் குழாயடியில் செத்துக் கிடந்தது. எப்படியாவது பேச்சைத் திருப்பவேண்டும் என்று, "இதெல்லாம் பாப்பாவுக்கு சாதாரணம் டீச்சர். எங்க வீட்டுல தெனம் மூணு வேளையும் இப்படித்தான் இருமும். அவளுக்கு பழகிப்போச்சு" என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இப்ப எப்படிடா இருந்துச்சு?"

"செத்துட்டேன்னு நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மூன்று வேளையும் பாப்பா செத்துச் செத்துப் பிழைக்கிறாள். நாங்கள் அதற்குப் பெயர் பழக்கம் என்று வைத்திருக்கிறோம். அக்காவும் அவளை இன்றைக்கும் காலில் மல்லாக்கப் போட்டுத்தான் ஊட்டுகிறாள். கைக்குழந்தையில் ஆரம்பித்தது, உட்காரவில்லை என்பதால் மாற்றவே இல்லை. இருமினால் தலையில் தட்டி, அவள் உடம்பே அப்படி என்று விட்டுவிடுவோம்.

நான் உள்ளே ஓடினேன். மேடம் அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் பின்னால் போய், தாண்டிவிட்ட அந்தப் படத்தை எடுத்து செல்போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தாடை கொஞ்சம் கீழே. ஸ்பூன் மேலேயிருந்து வரவில்லை, முன்னால், வாய்க்குக் கீழேயிருந்து வருகிறது. எல்லாம் அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. மேடத்தின் மேல் எனக்கு அதற்குப் பிறகுதான் கோபம் அதிகமானது. தெரியாமல் இருந்திருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

"இன்னொரு தரம் ஊட்டுங்க டீச்சர்."

"போடா, உன் சங்காத்தமே வேணாம்."

"நான் செத்தா எங்க அம்மா உங்களுக்கு மால போடும். ஊட்டுங்க."

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தட்டில் சாம்பார் சாதத்தைக் குழைத்து எடுத்து வந்தார். நான் சுவரோரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து மறுபடி பாப்பா ஆனேன். முதல் வாய் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதை, பாப்பா செய்வது போல நாக்கால் வெளியே தள்ளினேன்.

"எருமை."

"தெய்வக் குழந்தைன்னு சொல்லணும் டீச்சர். காலையிலதான சொல்லிக்குடுத்தாங்க."

"தெய்வ எருமை. வாய தொற."

"அவசரப்படாதீங்க. பாப்பா ஒரு வாய வெச்சுக்கினு நாலு பக்கமும் பாத்துட்டுதான் முழுங்குவா."

"அதுவரைக்கும் மத்த புள்ளைங்கள யாருடா பாத்துக்கறது? உங்க மேடமா?"

செல்போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது படத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்து சமையல்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன டீச்சர், மாப்பிள்ளைக்கு ஊட்டி விடறீங்களா?"

"எந்த மாப்பிள்ள? இது என் பால்வாடி புள்ள. இத்தன வருஷம் ஆயி இன்னும் எடை ஏறல, பாருங்க."

தட்டு காலியானது. ஒரு இருமல்கூட வரவில்லை. டீச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மைக்கில் கருத்துக் கேட்டார்கள். எல்லோரும் ரொம்பப் பயனுள்ளதாக இருந்தது என்றார்கள். எங்கள் டீச்சரின் முறை வந்தபோது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அவரும், "ரொம்ப பயனுள்ளதா இருந்துச்சு மேடம்" என்று சொல்லி, சர்ட்டிபிகேட்டை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்தார். அந்த நிமிஷம் அவரையும் அந்த ரப்பர் பொம்மையோடு சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால் அக்கா பாப்பாவைக் காலில் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா இருமினாள். அக்கா தலையில் தட்டினாள்.

"அவள தூக்கி உக்கார வெச்சு குடு," என்றேன்.

"டீச்சர் என்ன சொன்னாங்க, அத சொல்லு."

"மொதல்ல உக்கார வெய்யி."

"ஒரு நாள் ட்ரெய்னிங்குக்கு மைக்கு கட்டிட்டு வந்து எனக்கு பாடம் எடுக்கறியா? மூணு வருஷமா நான்தான்டா சோறு போடறேன்."

"சரி, நீ படு. நான் ஊத்தறேன்."

பந்தயம் என்று நினைத்துப் படுத்தாள். என் காலில் அவள் தலையை மல்லாக்க வைத்து ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினேன். இருமி எழுந்து, என் கன்னத்தில் ஒன்று விட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள். பாப்பா நான் அடி வாங்கியதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்கா அவளைத் தூக்கி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சாயாமல் தன் நெஞ்சில் அணைத்து, மிச்சக் கஞ்சியைக் கொடுத்தாள். ரொம்ப நேரம் ஆனது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த இருமல் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா உப்பளத்துக்குப் போகிற புடவையிலேயே, தலைத்துணியோடு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். டீச்சர் ஆவாது என்று சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. டீச்சர் வாயாலேயே சொல்லட்டும் என்று பின்னாலேயே போனேன்.

"ட்ரெய்னிங் வந்துடுச்சே டீச்சர்," என்றாள் அக்கா.

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஏதாவது கேலி பேசினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிற பார்வை. வாயை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை.

"குடு," என்றார்.

இரண்டு சுவர் சேர்கிற மூலையில் ஒரு பாயைச் சுருட்டிப் போட்டு, பாப்பாவை அதில் சாய்த்து உட்காரவைத்தார். பின்னிக்கொண்ட காலுக்கு நடுவில் ஒரு தலையணையைத் திணித்தார். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. டம்ளரில் கஞ்சி. ஸ்பூன் கீழேயிருந்து போனது. நான் வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பா வாங்கினாள். நாலு பக்கமும் பார்த்தாள். அப்புறம் டீச்சரின் முகத்தைப் பார்த்து மொத்தத்தையும் துப்பினாள்.

அக்கா, "ஐயோ டீச்சர்," என்று உள்ளே ஓடப் போனாள்.

"நில்லு அங்கியே." டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பாப்பாவிடம் சொன்னார், "உங்க மாமன் இதவிட நல்லா துப்புவான். வாய தொற."

இரண்டாவது வாய். எல்லோரும் காத்திருந்தோம். பாப்பா ஒருமுறை லேசாக இருமினாள். டீச்சர் ஸ்பூனை நிறுத்தி, அவள் முடிக்கிற வரைக்கும் அப்படியே பிடித்திருந்தார். அப்புறம் தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னும் ஒரு வாய் பாத்துட்டு போறேன் டீச்சர்," என்றாள் அக்கா.

"இங்க நின்னா மேஸ்திரி உனக்கு கூலி போடுவானா? போ. மத்தியானம் சீக்கிரமா வா, இத்தன புள்ளைங்களுக்கு எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அக்கா வாசலில் செருப்பைத் தேடி, மாற்றிப் போட்டு, சரியாகப் போட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தாள். இடுப்பில் பாப்பா இல்லாமல் அவள் நடப்பது கோணலாக இருந்தது, எடை ஒரு பக்கம் குறைந்த மாதிரி. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"டேய்," என்றார் டீச்சர், திரும்பாமல், அடுத்த ஸ்பூனைத் தூக்கிக்கொண்டே. "வெளிச்சத்த மறைக்காத."